உலகம்மாளின் நிழல்

உலகம்மாள் முதல் தடவை டாக்டர் ஷமீமாவின் அறைக்கு வந்தபோது காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பஸ் ஓட்டுவதை விட்டு மாதக்கணக்காகியிருந்தது. டெப்போவில் பஸ்களுக்குச் சார்ஜ் ஏற்றும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அந்த வேலைக்குச் சீருடை தேவையில்லை. அவள் அதைக் கழற்ற மனமில்லாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் வண்டி அவளுடையது. ஒரு நாள் சேரன்மகாதேவி தாண்டியதும் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. வண்டியை ஓரம் கட்டி, பிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தாள். பயணிகள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடைப்பை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் இதயத்தின் இடது பக்கத்தில் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள்.

பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்த இதய ஆராய்ச்சி மையத்தில் 'தளிர்' என்ற ஊசி மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தழும்பான இடத்தில் மறுபடி சதையைத் துளிர்க்கவைக்கும் மருந்து. அதைச் செலுத்திக்கொள்ள முன்வருபவர்களிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வதும், அவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வதும் ஷமீமாவின் பொறுப்பு.

உலகம்மாளின் கணவர் பேச்சிமுத்துவும் கூட வந்திருந்தார். வீடு வீடாகப் போய் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். எதையும் திறந்து பார்க்காமல் நம்பாத மனிதர்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறுந்தண்ணின்னு ஊசி போடுவாங்களாமே. எவளுக்குத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"அது அந்தக் காலம்ணே. இப்ப யாருக்கும் தண்ணி ஊசி கிடையாது. வர்ற எல்லாருக்கும் நிஜ மருந்துதான். ஊசி போடாத ஆளு ஒருத்தர் ஒப்பிட்டுப் பாக்க வேணும்ல, அதுக்குத்தான் நிழல் வச்சிருக்கோம்."

"நிழலா?"

"அக்காவோட இதயம், ரத்தக்குழாய், சிறுநீரகம், ரத்தத்துல இருக்கற உப்பு, சர்க்கரை எல்லாத்தையும் அளந்து கம்ப்யூட்டர்ல இன்னொரு உடம்பா ஓடவிடுவோம். அக்கா எவ்வளவு நடந்தாங்க, எவ்வளவு தூங்குனாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு கையில கட்டுற பட்டை சொல்லும். அதெல்லாம் நிழலுக்கும் போகும். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். அக்காவுக்கு ஊசி உண்டு. நிழலுக்குக் கிடையாது. பழைய மாத்திரை மட்டும்."

உலகம்மாள் குறுக்கே புகுந்தாள். "அப்ப நான் கருவாடு தின்னா அதுக்கும் போவுமா?" என்றாள்.

"போகும்க்கா. உப்பு ஏறும்."

"பாவம்" என்று சிரித்தாள். பிறகு, "அது நெனைக்குமா? வலிக்குமா அதுக்கு?"

"இல்ல. அதுல மூளை கிடையாது. வெறும் கணக்கு. அதுவும் கணிப்புதான், நூத்துக்கு நூறு சரியா இருக்கும்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, சோதனை முடியற வரைக்கும் நிழல் எப்படி இருக்குன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம்."

"ஏன்?"

"தெரிஞ்சா நீங்க நடக்கறது, திங்கறது, தூங்கறது எல்லாம் மாறிடும்க்கா."

உலகம்மாள் யோசித்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பஸ் ஓட்டலாமா அதச் சொல்லுங்க" என்றாள்.

"ஓட்டுற அளவுக்குத் தேறணும்கறதுதான் எங்க ஆசை. உறுதி சொல்ல முடியாது."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஊசி போட்ட பிறகு முதல் சில மாதங்கள் எல்லாருக்கும் சந்தோஷமான மாதங்கள். மையத்தின் படிக்கட்டில் உலகம்மாள் நிற்காமல் ஏறினாள். ஸ்கேன் படத்தில் தழும்பின் ஓரங்களில் புதுச் சதை அரும்பியிருந்தது தெரிந்தது. டிரைவர் வேலைக்கான அடுத்த உடற்தகுதிச் சோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக ஒரு நாள் வந்து சொன்னாள். மேலப்பாளையத்தில் தன் வீட்டுக்குப் போகும் வழியில் ஷமீமா அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தச் சோதனைக்கு முந்தின வாரம் பாளையங்கோட்டைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது உலகம்மாளின் இதயம் தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. கூடையோடு விழுந்தாள். கைப்பட்டை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது, பக்கத்துக் கடைக்காரர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். அதனால்தான் பிழைத்தாள். துளிர்த்த சதைதான் காரணம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. புதுச் சதை பழைய சதையின் துடிப்போடு ஒத்துப்போகாமல் தனியாகத் துடிக்கப் பார்த்தது. இரண்டும் முட்டிக்கொண்டபோது இதயம் தடம் புரண்டது.

இன்னொரு முறை அப்படி ஆனால் காப்பாற்ற, தோள்பட்டைக்குக் கீழே ஒரு சின்ன மின்சாரப் பெட்டியைப் பதித்தார்கள். இதயம் தடுமாறினால் அது உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். அந்தப் பெட்டி உள்ளவர்கள் பயணிகள் வண்டி ஓட்டக்கூடாது என்பது சட்டம்.

பெட்டி ஒரு தடவை வேலை செய்தும் விட்டது. "மாடு முட்டுன மாதிரி இருந்துச்சு" என்றாள் உலகம்மாள், ஷமீமா வார்டுக்கு வந்தபோது. காக்கிச் சட்டை இல்லாமல் ஆஸ்பத்திரி உடுப்பில் அவளைப் பார்க்கவே வேறு யாரோ போல இருந்தது. ஜன்னல் பக்கம் நின்ற பேச்சிமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். என் நெழலு எப்படி இருக்கு?"

ஷமீமாவுக்குத் தெரியும். அன்று காலைதான் பார்த்திருந்தாள். நிழல் நன்றாக இருந்தது. பழைய மாத்திரைகளிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியிருந்தது. தாறுமாறான துடிப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

"சோதனை முடியும்போது சொல்றோம்க்கா. அதுதான் விதி."

உலகம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "சரிதான். நல்லாத்தான் இருக்கு போல."

"நான் அப்படிச் சொல்லலியே."

"மோசமா இருந்தா ஆறுதலுக்காவது சொல்லிருப்பீய. இந்த ஊசி இல்லன்னா நீ செத்துருப்ப உலகம்மா, பொட்டி வந்தாலும் பரவால்லன்னு சொல்லிருப்பீய."

ஷமீமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்ல வராது என்றில்லை. அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. "நல்லா இருக்குக்கா" என்றாள். "அதுக்கு இந்தக் கோளாறு வரல. மாத்திரையிலயே தேறியிருக்கு."

"பஸ்ஸு?"

"அடுத்த வருஷம் சின்ன வண்டி ஏதாவது குடுத்திருப்பாங்களா இருக்கும்."

பேச்சிமுத்து அப்போதுதான் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நல்லா ஆகவேண்டியவள இழுத்துட்டு வந்து கெடுத்துப் போட்டிய. இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். ஷமீமா எழுந்து வெளியே வந்து, வராந்தா முடிவில் இருந்த குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராகத் தலைமை ஆராய்ச்சியாளர் டாக்டர் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். நிழலைப் பற்றி உலகம்மாளிடம் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொன்னாள்.

கோமதிநாயகம் நல்ல மனிதர். அதனால் அவருடைய கோபம் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? ஒருத்தருக்குச் சொன்னா எல்லாரும் கேப்பாங்க. நிழல் மோசமா இருக்கறவங்க பயத்துலயே படுத்துடுவாங்க. நல்லா இருக்கறவங்க விலகிடுவாங்க. பத்துல ஏழு பேருக்கு இந்த மருந்து நல்லது செய்யுது, தெரியும்ல?"

"தெரியும் சார். அவங்க அந்த ஏழு பேர்ல இல்ல."

"நிழல் சொல்றது சத்தியமா? கணிப்புதானே?"

"கணிப்புதான் சார். ஆனா மருந்து நல்லதுன்னு நாம ஊருக்குச் சொல்றதும் அதே கணிப்ப வச்சுத்தான."

ஷமீமா நோயாளிகளை நேரில் பார்ப்பது அன்றோடு நிறுத்தப்பட்டது. உண்மை தெரிந்துபோனதால் உலகம்மாள் சோதனையிலிருந்து விலக்கப்பட்டாள். விலக்கப்பட்டவர்களின் நிழலை அணைத்துவிடுவதுதான் வழக்கம்.

அணைக்கப்போகும் செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோது உலகம்மாள் நேரில் வந்தாள். கோமதிநாயகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஷமீமாவும் இருக்க வேண்டும் என்றாள். பேச்சிமுத்து வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தார்.

"அத ஏன் சார் அணைக்கீய? அது என்ன கேடு செஞ்சது?"

"உங்களுக்கு இனி அதனால பயன் இல்லம்மா."

"எனக்கு வந்த இந்தச் சீக்கு வேற யாருக்காவது வந்திருக்கா?"

அவர் தயங்கினார். "இங்க ரெண்டு பேருக்கு. மதுரைல ஒருத்தர். இன்னும் வரலாம்."

"இந்தச் சீக்கு என் ஒடம்புல எப்படி வந்துச்சுன்னு தெரியணும்னா, ஊசி போடாத என் ஒடம்பு வேணும்ல. அதுக்கு இப்ப ஊசி போட்டுப் பாருங்க. வந்தா, எத வச்சு நிறுத்தலாம்னு பாருங்க. அதுக்குத்தான் வலிக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாவளே."

கோமதிநாயகம் ஷமீமாவைப் பார்த்தார். நிழலின் நகல்களை எடுத்து அப்படிச் செய்யலாம் என்று அவர்கள் இருவருமே நினைத்திருந்தார்கள். ஆனால் தங்கள் மருந்தால் இப்போதுதான் கெடுதல் பட்ட ஒருத்தியிடம் போய் அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

"நகல் எடுத்துச் செய்யலாம்மா. எத்தனை நகல் வேணும்னாலும் எடுக்கலாம்" என்றார்.

"எடுங்க. ஒண்ண மட்டும் தொடாம அப்படியே விட்டு வைங்க."

"அது எதுக்கு?"

"இருக்கட்டும் சார். ஊசி போடாம நான் எப்படி இருந்திருப்பேன்னு பாக்க" என்றாள்.

அந்த வேலையை கோமதிநாயகம் ஷமீமாவிடமே கொடுத்தார். நோயாளியைப் பார்க்க முடியாதவள் நோயாளியின் நகல்களோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு நகலுக்கும் ஊசி போட்டாள். உலகம்மாளுக்கு நடந்ததே அவற்றுக்கும் நடந்தது. புதுச் சதையைச் சுட்டு அழித்துப் பார்த்தாள். துடிப்பு சரியானது, ஆனால் இதயம் பழையபடி பலவீனமானது. மருந்தால் அடக்கிப் பார்த்தாள். சில நாள் அடங்கிவிட்டு மறுபடி தடம் புரண்டது. நகல்கள் திரையில் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கணக்குதான் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும், மேலே உலகம்மாளின் பெயர் போட்ட துடிப்புக் கோடு சமனாகும்போதெல்லாம் திரையை மூடிவிடுவாள். எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவாள்.

கடைசியில் அகப்பட்ட வழி சாதாரணமானது. புதுச் சதையை அழிக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். அது முளைத்துவரும் வாரங்களில் மெல்லிய கம்பி ஒன்றை அந்த இடத்தில் வைத்து, பழைய சதை துடிக்கும் அதே கணத்தில் அதையும் மிகச் சிறிய மின்சாரத்தால் துடிக்கவைத்தாள். கூடவே, இரண்டு சதைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள உதவும் ஒரு பழைய மருந்து. சில வாரங்கள் சேர்ந்தே துடித்த பிறகு கம்பியை எடுத்தால், புதுச் சதை பழையதோடு இணைந்துவிட்டது. ஒரு நகல் பிழைத்தது. பிறகு அடுத்தது. பிறகு ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. ஏற்கெனவே கோளாறு வந்துவிட்ட பிறகு கம்பி வைத்த நகல்களும்கூட.

முதல் மனிதராக யாராவது இதைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கோமதிநாயகம் தடையை எடுத்துவிட்டு ஷமீமாவையே உலகம்மாளின் வீட்டுக்கு அனுப்பினார். கதவைத் திறந்த பேச்சிமுத்து வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து உலகம்மாள், "யாருங்க?" என்றாள்.

"டாக்டரம்மா."

"வரச் சொல்லுங்க."

ஷமீமா சொல்லவேண்டியதைச் சொன்னாள். நிழலில் சரியானது உடம்பில் சரியாகும் என்று உறுதி இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

"புது டிரைவரும் பழைய டிரைவரும் ஒரே ஸ்டியரிங்கப் புடிச்சிட்டுச் சண்டை போடுதாங்க. இவன கொஞ்ச நாள் அவன் பக்கத்துல உக்கார வைக்கணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்க்கா."

"ஏளா, ஒரு தடவ பட்டது போதாதா ஒனக்கு?" என்றார் பேச்சிமுத்து. கோபம் எல்லாம் வடிந்து, அவர் குரலில் பயம் மட்டும் இருந்தது.

உலகம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "அந்தப் பொட்டி எப்ப முட்டுமோன்னு தினமும் பயந்துட்டு இருக்கேன். நீங்களும் நான் குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நிக்கீய. இப்படியே எத்தன வருசம் நிப்பீய?"

மறுநாள் அவரே அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். ஷமீமாவிடம் மட்டும் பேசவில்லை.

சிகிச்சை பலித்தது. முதல் வாரங்களில் பெட்டி ஒரு தடவை லேசாக முட்டியது. பிறகு ஒன்றுமில்லை. வெகுநாள் காத்திருந்து, பல தடவை ஓடவிட்டும் நடக்கவிட்டும் பார்த்து, கடைசியில் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். மதுரைக்காரருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் அதே முறையில் சரியானது. ஊசி போடும்போதே கம்பியையும் சேர்த்து வைப்பது என்று சோதனையின் விதியை மாற்றினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் சந்தையில் விழவில்லை.

போக்குவரத்துக் கழகம் நிறைய யோசித்துவிட்டு உலகம்மாளுக்கு நகருக்குள் ஓடும் வண்டி ஒன்றைக் கொடுத்தது. ஜங்ஷனுக்கும் மேலப்பாளையத்துக்கும் நடுவே போய் வரும் வண்டி. பாபநாசம் இல்லை. "ஏறி உக்காந்தாச்சு, அது போதும்" என்று போனில் சொன்னாள்.

தொடாமல் விட்டுவைத்த நிழலை ஷமீமா தினமும் காலையில் வந்ததும் பார்ப்பாள். வேலைக்கு அது தேவையில்லை. பழகிவிட்டது. நெடுநாள் அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல இதயத்தின் இடது பக்கம் அகலமாக ஆரம்பித்தது. தழும்பு மெலிந்து உப்பியது. நோயாளிக்குச் செய்வதுபோல அதன் மாத்திரைகளின் அளவைக் கூட்டினார்கள். கொஞ்ச நாள் நின்று மறுபடி உப்பியது. உலகம்மாளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஷமீமா திரையைத் திறந்தபோது கோடு சமமாக இருந்தது. உப்பிய இடத்தில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று கிளம்பி மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்திருந்தது; அதைக் கணக்கு சாவாகவே எடுத்துக்கொண்டது. கோமதிநாயகம் வந்து பார்த்தார். முன்னும் பின்னும் கணக்கைச் சரிபார்த்தார்கள். பிழை எதுவும் அகப்படவில்லை.

"நீயே போய்ச் சொல்லிடும்மா" என்றார்.

ஜங்ஷன் பஸ் நிலையத்தில் உலகம்மாள் வண்டியை நிறுத்திவிட்டு, முன் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷமீமாவைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"என்ன டாக்டரம்மா, நேர்ல வந்திருக்கீய?"

"அக்கா, உங்க நிழல்..." அதற்கு மேல் எந்தச் சொல்லைப் போடுவது என்று ஷமீமாவுக்குத் தெரியவில்லை.

உலகம்மாள் துணியைப் பிழிந்து பக்கவாட்டில் போட்டாள். "எப்ப?"

"இன்னிக்குக் காலைல. மூளைக்குப் போற குழாய்ல அடைப்பு. அந்த ஊசி இல்லன்னா..."

"சொல்ல வேண்டாம். புரியுது." கொஞ்ச நேரம் நிலையத்துக்குள் வந்து திரும்பும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கணிப்புதான்னு சொன்னியள்ல?"

"கணிப்புதான்க்கா. கோமதிநாயகம் சாரும் அதத்தான் சொன்னாரு."

"ம்." பெருமூச்சு விட்டாள். "என்கூடவே நடந்துச்சு, தூங்குச்சு, நான் தின்னதத் தின்னுச்சு. எனக்கு வந்த கேட்டையெல்லாம் அதோட நகலு வாங்கிக்கிட்டு எனக்கு வழி சொல்லிச்சு. கணிப்புன்னு சொல்லிட்டுச் சும்மா இருக்க முடியல. மத்தியானம் வண்டிய விட்டுட்டு வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க."

வீட்டில் பேச்சிமுத்து இருந்தார். மனைவி வேலைக்கு நடுவே வந்ததையும் பின்னால் ஷமீமா நின்றதையும் பார்த்து முகம் வெளிறினார். "என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. என் நெழலு போயிட்டு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வாளியில் தண்ணீர் பிடித்துவைத்தார். உலகம்மாள் கொல்லைப்புறக் குளியலறைக்குப் போய்ச் சேலையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். குளியலறைக் கதவுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. பேச்சிமுத்து அடுக்களையில் மீன் குழம்புச் சட்டியை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் கவிச்சி வேண்டாம்" என்றார், ஷமீமாவின் பக்கம் பார்க்காமல். பிறகு திரும்பிப் பார்த்தார். "ரசம் சோறு சாப்பிடுவீங்களா?"

வார்டில் பேசிய அந்த நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஷமீமா தலையாட்டினாள்.

மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சிமுத்து ஷமீமாவின் தட்டில் இரண்டாம் முறை ரசம் ஊற்றினார். போதும் என்று சொன்ன பிறகும் ஊற்றினார்.

சாயங்கால நடைக்கு வேறு டிரைவர் கிடைக்கவில்லை என்று டெப்போவிலிருந்து போன் வந்தது. "வாரேன்" என்றாள் உலகம்மாள். ஷமீமா மேலப்பாளையம் வரை அந்த வண்டியிலேயே போனாள். அவள் ஓட்டும் வண்டியில் ஏறியது அதுவே முதல் தடவை. டிரைவருக்குப் பின்னாலிருந்த இருக்கை கிடைத்தது. உலகம்மாள் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். முடிச்சிட்ட ஈரக் கூந்தலிலிருந்து தண்ணீர் இறங்கி, காக்கிச் சட்டையின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டிருந்தது. பாலத்தில் ஏறும்போது யாரோ குறுக்கே வந்தார்கள். அவள் நிதானமாக வேகத்தைக் குறைத்து, அவர் போகும் வரை காத்திருந்து, மறுபடி கிளம்பினாள்.